உங்களுக்குத் தெரியுமா? காக்கியும் கானுயிரும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஐபிஎஸ் கனவோடு படிக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் புரட்டும் புத்தகங்களில் சட்டமும் வரலாறும் இருப்பதுபோல, உயிரினங்கள் ஏன் அழிகின்றன என்ற பாடமும் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் மறந்துவிடக்கூடிய பாடம் அல்ல அது. காக்கி உடுத்தியதும் கைக்கு வரும் அதிகாரங்களில் கானுயிரைக் காக்கும் அதிகாரமும் ஒன்று. பதவிக்குப் போகும் வழியையும் அந்த அதிகாரத்தின் அருமையையும் சேர்த்துச் சொல்கின்றன இந்தத் துணுக்குகள்.

## பதவிக்குப் படிகள்

ஆவடிக்குத் தனி கமிஷனர். 2022 ஜனவரி 1 அன்று சென்னைப் பெருநகரக் காவலில் இருந்து பிரிந்து ஆவடி, தாம்பரம் என இரண்டு புதிய காவல் ஆணையரகங்கள் பிறந்தன. ஆவடியின் முதல் கமிஷனர் சந்தீப் ராய் ரத்தோர். 2023இல் அவரே சென்னை கமிஷனர் ஆனார். அம்பத்தூர்வாசிக்குச் சொத்து வரி கட்ட சென்னை மாநகராட்சி. புகார் கொடுக்க ஆவடி ஆணையரகத்தின் காவல் நிலையம். 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடிக்கின்றன.

எஸ்பிக்கும் கமிஷனருக்கும் என்ன வித்தியாசம்? மாவட்டத்தில் காவல் துறைக்கு எஸ்பி தலைவர். ஆனால், தடை உத்தரவு போடும் அதிகாரம் அங்கே ஆட்சியர், வருவாய்த் துறையினர் கையில் இருக்கும். ஆணையரகத்தில் நிர்வாக நடுவருக்கு உரிய அதிகாரமும் கமிஷனருக்கே உண்டு. சென்னையில் இந்தப் பதவி 1856இல் தொடங்கியது.

மூன்று வாசல்கள். யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் தேறி ஐபிஎஸ் பெறுபவர் பயிற்சிக்குப் பின் ஏஎஸ்பியாகப் பணியைத் தொடங்குவார். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 வழியே வந்தால் நேரடி டிஎஸ்பி. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே வந்தால் காவலர் அல்லது எஸ்ஐ. எந்த வாசலில் நுழைந்தாலும் மேலே ஏற வழி இருக்கிறது. ஐபிஎஸ் மூத்த பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை மாநிலக் காவல் பணியில் இருந்து பதவி உயர்வில் வருபவர்களுக்கானது. டிஎஸ்பியாக எட்டு ஆண்டு முடித்தவர்களை அதற்குப் பரிசீலிப்பார்கள்.

2,025 மதிப்பெண். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள்கள். தவறான விடைக்கு, அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள். மொழித்தாள் இரண்டிலும் தேறினால் போதும். மற்ற ஏழும் தலா 250 வீதம் 1,750. நேர்முகத் தேர்வு 275. தரவரிசையைத் தீர்மானிப்பது இந்த 2,025தான். பொதுப் பிரிவினர் 32 வயது வரை ஆறு முறையும், இதர பிற்படுத்தப்பட்டோர் 35 வயது வரை ஒன்பது முறையும் எழுதலாம். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வயது வரம்பு 37. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

தமிழிலேயே எழுதலாம். முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். அதைத் தாண்டிவிட்டால், முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். நேர்முகத் தேர்விலும் தமிழில் பதில் சொல்லலாம். தமிழ்வழியில் படித்த ஒரே காரணத்துக்காக இந்தக் கனவை யாரும் கைவிட வேண்டியதில்லை.

உயரம் எவ்வளவு வேண்டும்? ஐபிஎஸ்ஸுக்கு ஆண்கள் குறைந்தது 165 செ.மீ., பெண்கள் 150 செ.மீ. இருக்க வேண்டும். பழங்குடியினருக்கு இது 160, 145 செ.மீ. எனத் தளர்த்தப்பட்டுள்ளது. ஐஏஎஸ் பணிக்கு இப்படி உயர வரம்பு கிடையாது.

படிக்க உதவித்தொகை. தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில், மதிப்பீட்டுத் தேர்வு மூலம் தேர்வாகும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் வழங்கும் ஏற்பாடு 2023இல் தொடங்கியது. முதல்நிலையில் தேறினால் முதன்மைத் தேர்வுக்கு 25,000 ரூபாய். தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைக்கு, ஓராண்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து படிக்க இது கைகொடுக்கும்.

இருபதே நாள் இடைவெளி. ஐபிஎஸ் அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக் கல்லூரி 1948 செப்டம்பர் 15 அன்று ராஜஸ்தானின் அபு மலையில் தொடங்கியது. அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று பிரான்ஸில் உருவானது. அபு மலைக் கல்லூரிக்குப் பின்னாளில் சர்தார் வல்லபபாய் படேல் பெயர் சூட்டப்பட்டது. 1975இல் அது ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. புதிய அதிகாரிகள் முதலில் முசோரியில் மற்றப் பணியினரோடு அடிப்படைப் பயிற்சி பெற்றுவிட்டு ஹைதராபாத் போகிறார்கள்.

தோள் சொல்லும் பதவி. ஏஎஸ்பிக்கும் டிஎஸ்பிக்கும் மூன்று நட்சத்திரம். அசோகச் சின்னமும் ஒரு நட்சத்திரமும் எஸ்பிக்கு. சின்னத்தோடு மூன்று நட்சத்திரம் டிஐஜிக்கு. குறுக்காக வைத்த வாளும் கோலும் வந்துவிட்டால் ஐஜியும் அதற்கு மேலும். டிஐஜி ஆக சுமார் 14 ஆண்டு, ஐஜி ஆக 18, ஏடிஜிபி ஆக 25, டிஜிபி ஆக 30 ஆண்டுப் பணி தேவை.

முன்னே போனவர்கள். தருமபுரி மாவட்டத்தில் பிறந்த திலகவதி, தமிழ்நாட்டின் முதல் பெண் ஐபிஎஸ் அதிகாரி. ‘கல்மரம்’ நாவலுக்காக 2005இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளரும் அவரே. லத்திகா சரண் 2006இல் சென்னையின் முதல் பெண் கமிஷனராகவும், 2010இல் தமிழ்நாட்டின் முதல் பெண் டிஜிபியாகவும் ஆனார். 2021 முதல் 2023 வரை டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, குமரி மாவட்ட அரசுப் பள்ளியில் தொடங்கி, மதுரை வேளாண் கல்லூரியில் படித்து வந்தவர்.

படைகளின் ஊர். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 2ஆம், 5ஆம் அணிகள் ஆவடியிலும், 3ஆம் அணி பக்கத்து வீராபுரத்திலும் இருக்கின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பயிற்சி மையமும் ஆவடியில் உண்டு. அதிகாலையில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஓடும் இளைஞர்களுக்கு, போய்ச் சேர வேண்டிய இடம் கண் முன்னாலேயே இருக்கிறது.

பூந்தமல்லித் தீர்ப்பு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலை வழக்கின் விசாரணை நடந்தது பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில். 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வந்தது. புலனாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஐபிஎஸ் அதிகாரி டி.ஆர். கார்த்திகேயன். சிதறிக் கிடக்கும் தடயங்களில் இருந்து நடந்ததை மீட்டெடுப்பது மூத்த காவல் அதிகாரியின் தலையாய வேலை. அழிந்த உயிரினங்களை ஆராய்பவர்கள் செய்வதும் அதே வேலையைத்தான்.

## காலடியில் கிடக்கும் தடயங்கள்

2013இல் வந்த மாற்றம். அந்த ஆண்டு முதல் இந்திய வனப் பணிக்கும் குடிமைப் பணிக்கும் முதல்நிலைத் தேர்வு ஒன்றே ஆனது. பல்லுயிர்ப் பெருக்கமும் சூழலியலும் அதன் பாடத்திட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. முதன்மைத் தேர்வின் பொது அறிவு மூன்றாம் தாளிலும் சூழல் பாதுகாப்பு வருகிறது. காவல் அதிகாரி ஆக விரும்புபவர் கழுகின் கதையையும் தவளையின் கதையையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

பூந்தமல்லி தாண்டினால் தொல்தாவரம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகளில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைகளின் அச்சுகள் கிடைத்துள்ளன. அந்தப் பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே ஸ்ரீபெரும்புதூர் அடுக்கு. இன்றைய சைக்கஸ் இனத்தைப் போன்ற தோற்றம் கொண்ட டைலோபில்லம் என்ற செடி அங்கே பரவலாக இருந்தது. அதன் குடும்பமே இன்று உலகில் எங்கும் இல்லை.

நூற்றில் தொண்ணூற்றொன்பது. பூமியில் இதுவரை தோன்றிய உயிரினங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டன என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. அழிவு இயற்கையானதுதான். அது நடக்கும் வேகம்தான் இப்போது கவலைக்குரியது. பத்து லட்சம் உயிரினங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2019இல் ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு எச்சரித்தது.

ஐந்து பேரழிவுகள். மிகக் கொடியது 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சைபீரியாவில் எரிமலைகள் நெடுங்காலம் குமுறி, கடல் சூடேறி, ஆக்சிஜன் குறைந்து, கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டு ஒன்பது மடிந்தன. கடைசிப் பேரழிவு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், சுமார் 10 கி.மீ. அகல விண்கல் மெக்சிகோ அருகே மோதியபோது நேர்ந்தது. டைனோசர்களோடு அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரியும் அப்போது மறைந்தது. அரியலூர்ப் பக்கத்து நிலத்தில் அதன் ஓடுகள் கல்லாகி இன்றும் கிடைக்கின்றன.

அத்திரம்பாக்கத்துப் பற்கள். திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என 2011இல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள். அதே இடத்தில் காட்டுக் குதிரை இனத்தின் பல்லும் மாட்டினத்தின் பல்லும் கிடைத்தன. இந்த மண்ணில் ஒருகாலத்தில் திறந்த புல்வெளி இருந்ததற்கு அவை சான்று. இந்தியாவில் நெருப்புக்கோழிகூட வாழ்ந்தது. சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் அது இங்கே மறைந்ததை அதன் முட்டையோட்டுத் துண்டுகள் காட்டுகின்றன.

அழிவு என்ற எண்ணமே புதிது. ஓர் உயிரினம் அடியோடு அழியக்கூடும் என்பதை எலும்புகளை ஒப்பிட்டு அறிவியல் முறையில் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் குவியே, ஆண்டு 1796. மாமத் யானையின் எலும்பு, உயிரோடிருக்கும் எந்த யானைக்கும் பொருந்தவில்லை என்று அவர் காட்டினார்.

## ஓர் இனம் ஏன் அழிகிறது?

இருப்பிடம் போனால் எல்லாம் போகும். முதன்மைக் காரணம் வாழிடம் பறிபோவது. இலங்கையின் மலைக்காடுகள் 19ஆம் நூற்றாண்டில் காப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. தமிழ்நாட்டில் இருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் மக்கள் அந்தத் தோட்டங்களில் வாடி வதங்கினார்கள். ஈரக்காட்டை நம்பியிருந்த மரத்தவளைகளும் அடியோடு போயின. இலங்கையில் அழிந்துபோன தவளை இனங்கள் மட்டும் பதினைந்துக்கும் மேல்.

வந்தேறி எதிரிகள். மொரீசியஸ் தீவின் டோடோ பறவைக்குப் பறக்கத் தெரியாது; மனிதரைக் கண்டு அஞ்சவும் தெரியாது. கப்பல்களில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் முட்டைகளைத் தின்றன. நம்பத்தகுந்த கடைசிப் பதிவு 1662இல். 18ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் அந்தத் தீவில் குடியேறத் தொடங்கியபோது டோடோ அங்கே இல்லை.

நம் ஏரியிலும் வந்தேறிகள். ஆப்பிரிக்கத் தேளி மீன் வளர்ப்பை மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. அது கிடைத்ததையெல்லாம் விழுங்கும்; காற்றைச் சுவாசித்து ஈரத் தரையில் நகர்ந்து அடுத்த குளத்துக்கும் போகும். அயிரை, கெண்டை, குரவை போன்ற நாட்டு மீன்கள் அதனிடம் தப்புவது கடினம். கொசுவை ஒழிக்க 1928இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியாவும் நாட்டு மீன்களின் குஞ்சுகளைத் தின்கிறது. கொசுப் புழுவைத் தின்ன நம்மிடமே மீன் உண்டு. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் அந்தச் சின்ன மீனை வாய்க்கால் ஓரங்களில் பார்க்கலாம்.

27 ஆண்டில் ஓர் இனம். வட பசிபிக்கில் ஸ்டெல்லர் கடற்பசு என்ற பேருயிரை 1741இல் அறிவுலகம் முதன்முதலில் கண்டது. இறைச்சிக்காகக் கப்பல் கப்பலாக வேட்டையாடினார்கள். 1768இல் அது இல்லை.

கோடிகளும் காப்பாற்றாது. வட அமெரிக்காவின் பயணிப்புறா முந்நூறு கோடிக்குக் குறையாமல் இருந்தது. ரயிலும் தந்தியும் வந்தபின் கூட்டம் எங்கே இறங்குகிறது என்ற செய்தி வேட்டைக்காரர்களுக்கு உடனுக்குடன் போனது. மார்த்தா என்ற கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. கூட்டமாகவே வாழ்ந்து குஞ்சு பொரித்துப் பழகிய பறவை அது. கூட்டம் சிறுத்ததும் இனப்பெருக்கமும் நின்றுபோனது.

எண்ணிக்கை குறைந்தால் எல்லாமே பகை. அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் புதர்க்கோழி இனம் ஒன்றுக்கு 1908இல் காப்பிடம் அமைத்தார்கள். சில ஆண்டுகளில் அது இரண்டாயிரம் வரை பெருகியது. 1916இல் காட்டுத்தீ, அடுத்துக் கடுங்குளிர், வல்லூறுகள் வந்தன, நோய் பரவியது, எஞ்சியவற்றில் பெரும்பாலும் சேவல்கள். 1932க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. ஒரே இடத்தில் மட்டும் மிஞ்சியிருக்கும் இனத்துக்கு ஒரு கெட்ட ஆண்டே போதும்.

மெதுவாகப் பெருகும் உயிர்கள். அழுங்கு என்று நம் மக்கள் சொல்லும் எறும்புத்தின்னி, பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். செதிலுக்காக அதைப் பிடிப்பவன் பத்து அழுங்குகளைக் கொண்டுபோனால், அந்தக் காடு அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

ஊசிமருந்து கொன்ற பறவை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990களில் தொடங்கி, வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. காரணம் 2004இல் தெரிந்தது. கால்நடைப் பயன்பாட்டுக்கு 2006இல் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015இல் ஊசிமருந்தை 3 மி.லி. குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்றானது. தமிழ்நாட்டில் பாறுகளின் கடைசிப் புகலிடம் நீலகிரிக்குக் கீழே உள்ள மாயாறு பள்ளத்தாக்கு.

சிட்டுக்குருவி அழியவில்லை. செல்போன் கோபுரங்களால் குருவி அழிந்துவிட்டது என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு உறுதியான சான்று இல்லை. 2020இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் குருவி நிலையாக இருப்பதாகவும் பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் கூறியது. ஓட்டு வீட்டு இடுக்குகள் போய்விட்டன. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி கிடைப்பதில்லை.

## சட்டம் கையில் இருக்கும்போது

எஸ்ஐ போதும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, கானுயிர்க் குற்றத்தில் சோதனையிடவும் கைப்பற்றவும் கைது செய்யவும் வனத்துறைக்கு மட்டும் அதிகாரம் என்பதில்லை. எஸ்ஐயும் அதற்கு மேற்பட்ட எந்தக் காவல் அதிகாரியும் செய்யலாம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துக் கிடங்கில் நட்சத்திர ஆமை மூட்டை இருப்பதாகத் தகவல் வந்தால், வன அலுவலர் வரட்டும் என்று காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை.

நிரூபிக்க வேண்டியது யார்? பாதுகாக்கப்பட்ட உயிரினமோ அதன் தோலோ தந்தமோ ஒருவரிடம் இருந்தது நிறுவப்பட்டால், அது சட்டவிரோதமானதல்ல என்று காட்டும் பொறுப்பு அவருடையதே. முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டுச் சிறை. 2022 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய்.

முட்டையைத் தொடுவதும் வேட்டைதான். பறவையின், ஊர்வனவற்றின் முட்டையை உடைப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையின் வரையறைக்குள் சட்டம் சேர்த்திருக்கிறது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். நம் நாட்டுக் கிளிகள் அனைத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். கானுயிர்க் குற்றம் பற்றி 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் செய்யச் சட்டத்தின் 55ஆம் பிரிவு வழிவிடுகிறது. குற்றவாளியைப் பிடிக்க உதவியவருக்கு அபராதத் தொகையில் ஒரு பங்கைப் பரிசாகத் தரவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். கானுயிர்க் குற்றங்களுக்கென்றே 2007இல் உருவான மத்தியக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்குச் சென்னையில் மண்டல அலுவலகம் இருக்கிறது.

தந்தமும் துப்பாக்கியும். யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்ற வீரப்பனைத் தேடும் வேட்டை 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே முடிந்தது. சிறப்பு அதிரடிப்படைக்கு அப்போது தலைவர் கே. விஜயகுமார் ஐபிஎஸ். அதற்கு 13 ஆண்டு முன்பே, 1991 நவம்பரில், பேசித் திருத்திவிடலாம் என்று நம்பிப் போன கர்நாடக வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் கொல்லப்பட்டார். ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே பெரிய தந்தம் உண்டு. தந்த வேட்டையால் கேரளத்தின் பெரியாறு காட்டில் நூறு பெண் யானைக்கு ஓர் ஆண்கூடத் தேறாத நிலை 1980களில் ஏற்பட்டது. கன்றுகள் பிறப்பது குறைந்தது. யானைக் கூட்டம் கண்ணுக்குத் தெரியும்போதே இனம் தேய்கிறது என்பதைப் பெரியாறு காட்டிக்கொடுத்தது.

பறவைகளை எழுதிய ஐஜி. 1883இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்து, அசாமில் ஐஜி வரை உயர்ந்தவர் ஸ்டூவர்ட் பேக்கர். சிறுத்தை தாக்கி ஒரு கையை இழந்தவர். ஓய்வுக்குப் பின் 1922 முதல் 1930 வரை இந்தியப் பறவைகளைப் பற்றி எட்டுத் தொகுதிகள் வெளியிட்டார். அவர் எழுதிய பறவைகளில் இளஞ்சிவப்புத் தலை வாத்தும் ஒன்று. கங்கைச் சமவெளியின் சதுப்புகள் வயலாக மாற, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அதைப் பற்றி உறுதியான பதிவே இல்லை.

சட்டமும் சோறும். 1972 சட்டம் பாம்புத்தோல் வணிகத்தை நிறுத்தியது. அதை நம்பியிருந்த இருளர்களுக்குப் பிழைப்பு போனது. 1978இல் அவர்களுக்கான பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டுப் பக்கம் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் விட்டுவிடுவது அதன் முறை. அந்த விஷத்தில் இருந்து வரும் மருந்து பாம்புக்கடிபட்டவரைக் காக்கிறது. இருளர் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். தடை போடும் அரசு மாற்று வழியும் காட்டினால், காட்டை அறிந்தவர்களே அதன் காவலர்கள் ஆவார்கள்.

## இழந்ததும் மீண்டதும்

திரும்பி வந்த சிவிங்கிப்புலி. இன்றைய சத்தீஸ்கர் பகுதியில் 1947இல் ஒரு மன்னர் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். 1952இல் அந்த இனம் இந்தியாவில் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. முகலாயர் காலம் முதலே வேட்டைக்குப் பழக்க அவற்றைக் காட்டில் இருந்து பிடித்துவந்தார்கள். கூண்டில் அவை குட்டி போடுவது அரிதிலும் அரிது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவில் இருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் குனோ காட்டுக்கு வந்தன. அவை ஆப்பிரிக்க வகை. இந்தியாவில் வாழ்ந்த ஆசிய வகை இன்று ஈரானில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

86 ஆண்டு காணாத பறவை. ஜெர்டன் கல்குருவியை 1848 வாக்கில் கண்டறிந்தவர் சென்னை ராணுவத்தின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன். 1900க்குப் பின் அது கண்ணில் படவே இல்லை. 1986இல் ஆந்திரத்தின் கடப்பைப் புதர்க்காட்டில் மீண்டும் கிடைத்தது. வெறும் முள்காடு என்று நாம் ஒதுக்கும் நிலத்தில் உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் இருக்கக்கூடும்.

கொரட்டூர்க்காரர்களின் வழக்கு. கொரட்டூர் ஏரியில் கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலப்பதை எதிர்த்து, அந்தப் பகுதி மக்கள் ‘ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம்’ அமைத்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். கழிவு சேரும் நீரில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், ஆகாயத்தாமரை மூடினால் வெளிச்சமும் போகும், மீன் சாகும், மீனை நம்பிய நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இடம் தேடிப் போய்விடும். பருத்திப்பட்டு, அயப்பாக்கம், அம்பத்தூர், செம்பரம்பாக்கம் என நம் பக்கத்து ஏரி எதற்கும் இதே கணக்குதான். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனிச் சட்டம் இருக்கிறது.

நேர்முகத் தேர்வில் ஊர்க் கேள்வி. யுபிஎஸ்சி நேர்முகத்துக்குப் போகும்போது, விண்ணப்பத்தில் நிரப்பிய சொந்த ஊர், பொழுதுபோக்கு ஆகியவற்றில் இருந்தே பல கேள்விகள் வரும். அம்பத்தூர் என்று எழுதியவரிடம் தொழிற்பேட்டையைப் பற்றியும் கேட்கலாம், ஏரியைப் பற்றியும் கேட்கலாம். அதற்கான விடையைப் பயிற்சி மையக் குறிப்பில் தேட வேண்டாம். இந்த ஞாயிறே கரைக்குப் போய் எந்தப் பறவை எத்தனை என்று எழுதத் தொடங்குங்கள். கழிவு விடும் குழாய் தெரிந்தால் படம் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். கிளிக்குஞ்சு விற்பவரைக் கண்டால் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். பதவி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். பதவி செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் குடிமகனாக இன்றே செய்ய முடியும்.